முதுமைக்கு முன்பணம்: ஜப்பானின் பராமரிப்புக் காப்பீடு

ஒரு நாட்டின் மக்கள்தொகையில் 65 வயதை எட்டியவர்களின் பங்கு 7 விழுக்காட்டைத் தொடும்போது அந்நாடு மூப்படையத் தொடங்கிவிட்டது என்றும், 14 விழுக்காட்டைத் தொடும்போது அது மூப்படைந்துவிட்டது என்றும் மக்கள்தொகையியலார் வகுத்துச் சொல்வர். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்ட காலமே, முதியோருக்கான ஏற்பாடுகளைச் செய்துகொள்ள ஓர் அரசுக்குக் கிடைக்கும் அவகாசம். பிரான்சுக்கு அந்த அவகாசம் நூறாண்டுக்கும் மேலாகக் கிடைத்தது. ஜப்பானுக்குக் கிடைத்ததோ 1970 முதல் 1994 வரையிலான 24 ஆண்டுகள் மட்டுமே. 2024 செப்டம்பரில் அந்நாட்டு மக்களில் 29.3 விழுக்காட்டினர், அதாவது 3.6 கோடிக்கும் அதிகமானோர், 65 வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ எட்டியிருந்தனர். இவ்வளவு பெரிய மாற்றத்தை இவ்வளவு குறுகிய காலத்தில் எதிர்கொண்ட அந்நாடு 2000 ஏப்ரல் 1 அன்று நடைமுறைப்படுத்திய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு, முதுமைக்கான திட்டமிடலில் எதை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியும், எதைச் சேர்த்து வைக்க முடியாது என்பதை ஒருசேரக் காட்டுவதால் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

முதுமைக்குத் திட்டமிடுதல் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஓய்வூதியமும் மருத்துவச் செலவுமே. அவை இரண்டும் இன்றியமையாதவை என்றாலும், அவற்றுக்குள் அடங்காத ஒரு தேவை உண்டு. தானே குளிப்பது, உடுத்துவது, உண்பது, படுக்கையிலிருந்து எழுவது, கழிப்பறைக்குச் சென்று வருவது ஆகிய அன்றாடச் செயல்களைப் பிறர் துணையின்றிச் செய்ய இயலாத நிலை ஒருவருக்கு வரும்போது, அவருக்கு வேண்டியது மருந்தன்று. நாள்தோறும் உடனிருந்து செய்துதரும் ஒரு மனிதரின் உழைப்பு. சில வாரங்களில் குணமாகும் நோயைப் போலன்றி, இத்தேவை ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது என்பதால்தான் அதை நீண்டகாலப் பராமரிப்பு என்கின்றனர்.

இத்தேவையை அவரவர் சேமிப்பைக் கொண்டு சமாளித்துக்கொள்ளலாம் என்ற வாதம் எங்கும் எழுவதுண்டு. ஆனால், தனக்கு அது எவ்வளவு காலம் வேண்டியிருக்கும் என்பதை எவரும் முன்னறிய முடியாது. ஒருவர் இறுதிவரை நடமாடிவிட்டு ஓரிரு நாட்களில் மறையலாம். மற்றொருவர் பக்கவாதத்தாலோ மறதிநோயாலோ பத்தாண்டுகள் பிறரைச் சார்ந்து வாழ நேரலாம். ஒவ்வொருவரும் அந்தப் பத்தாண்டுகளை மனத்தில் கொண்டு சேமித்தால் பலருடைய சேமிப்பு பயன்படாமல் முடங்கும்; குறைவாகச் சேமித்தவர் குடும்பமோ நொடித்துப்போகும். எவருக்கு நேரும், எவ்வளவு காலம் நீளும் என்று தெரியாத ஓர் இடரை எல்லோரும் சேர்ந்து பகிர்ந்துகொள்வதே அறிவுடைமை என்னும் இடத்தில்தான் காப்பீடு என்னும் முறை பொருந்தி வருகிறது.

ஜப்பான் ஓய்வூதியத்தை இதற்கு முன்பே ஒருவாறு ஒழுங்குபடுத்தியிருந்தது. 1961 முதல் அங்கு எல்லாக் குடிமக்களும் ஏதேனும் ஓர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வந்தனர். பின்னர் 2004 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஊழியர்களின் ஓய்வூதியச் சந்தா ஊதியத்தில் 18.3 விழுக்காட்டுக்கு மேல் போகாது என்று வரம்பு கட்டி, உழைப்போர் எண்ணிக்கை குறைவதற்கும் ஆயுள் நீள்வதற்கும் ஏற்ப ஓய்வூதியத்தின் வளர்ச்சி தானாகவே மட்டுப்படும் ஒரு கணக்கீட்டு முறையைக் கொண்டுவந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டை முன்னோக்கி அதன் நிதிநிலை கணக்கிடப்பட்டு மக்கள் முன் வைக்கப்படுகிறது. ஆயினும், ஓய்வூதியம் எவ்வளவு ஒழுங்காக வந்தாலும், விலை கொடுத்துப் பெறுவதற்குப் பராமரிப்பு என்னும் சேவை ஊரில் இல்லையென்றால் அந்தப் பணத்தால் பயனில்லை. 1970களில் ஜப்பான் நின்ற இடம் அதுதான்.

வடகிழக்கு ஜப்பானில் இவாதே மாவட்டத்தில் பனி மூடிய மலைகளுக்கிடையே இருந்த சவவுச்சி என்னும் சிற்றூர், 1960 இல் தன் ஊர் முதியோருக்கு மருத்துவக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. அச்சிற்றூரே 1962 இல் ஒரு கைக்குழந்தை கூட இறக்காத ஆண்டைக் கண்டது என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏழை ஊர் ஒன்றின் நிர்வாகம் மனம்வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று. அம்முன்மாதிரி பிற ஊர்களுக்குப் பரவி, பிரதமர் ககுயெய் தனாகாவின் காலத்தில் 1973 இல் நாடு முழுவதும் 70 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவம் இலவசமாயிற்று. நோக்கம் உயர்ந்ததாயினும் எதிர்பாராத விளைவு ஒன்று நேர்ந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத முதியவர்களுக்குக் கட்டணமின்றிக் கிடைத்த ஒரே இடம் மருத்துவமனையாக இருந்தமையால், சிகிச்சை முடிந்தும் அவர்கள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கினர். இந்நிலையைச் 'சமூகக் காரணத்தால் மருத்துவமனையில் தங்குதல்' என்று ஜப்பானியர் குறிப்பிட்டனர். எழுப்பி உட்கார வைக்கவும் நடக்கப் பழக்கவும் போதிய ஆட்கள் இல்லாத கூடங்களில், நடக்கக்கூடியவர்களும் படுத்த படுக்கையாயினர். செலவு பெருகியதால் 1983 இல் இலவச மருத்துவம் நிறுத்தப்பட்டு முதியோரிடமும் சிறு கட்டணம் பெறப்படலாயிற்று. ஆனால் அவர்களை வீட்டில் யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அக்கேள்விக்கு ஜப்பானியச் சமூகம் காலங்காலமாக வைத்திருந்த விடை, மூத்த மகனின் மனைவி என்பதே. மாமனார் மாமியாரின் இறுதிக் காலம் வரை மருமகளே அவர்களைக் கவனித்தாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. சவாகோ அரியோஷி 1972 இல் வெளியிட்ட நாவலொன்று, அலுவலகத்தில் பணிபுரியும் ஒரு பெண் மறதிநோய்க்கு ஆளான தன் மாமனாரைப் பார்த்துக்கொள்ள நேர்வதைப் பொருளாகக் கொண்டு, அவ்வாண்டு மிக அதிகமாக விற்ற நூல்களுள் ஒன்றாயிற்று. வீட்டுக்குள் மறைந்திருந்த துன்பம் ஒன்று பொதுவெளிக்கு வந்ததற்கு அந்த வரவேற்பே அடையாளம். அரசின் உதவியோ 1963 ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டத்தின்படி, நாதியற்றவர்களுக்கும் வறியவர்களுக்கும் அதிகாரிகள் பார்த்துத் தீர்மானித்து அளிக்கும் சலுகையாக மட்டுமே இருந்தது. உதவி கேட்டு நகராட்சிக்குச் செல்வதைக் குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதிய நடுத்தர வகுப்பினர் அந்தப் பக்கமே போகவில்லை.

மாற்றத்தைக் கோரியவர்களுள் பெண்கள் முன்னின்றனர். விமர்சகரும் பேராசிரியருமான கெய்கோ ஹிகுச்சி 1983 இல் தொடங்கிய, முதியோர் சமூகத்தைச் செம்மைப்படுத்துவதற்கான பெண்கள் சங்கம், பராமரிப்பு என்பது ஒரு வீட்டுப் பெண்ணின் கடமையாக அன்றி முழுச் சமூகத்தின் பொறுப்பாக வேண்டும் என்று இடைவிடாது வலியுறுத்தியது. முதியோரைப் பார்ப்பவருள் பெரும்பாலோர் பெண்கள், நீண்ட நாள் வாழ்ந்து தனித்து நிற்பவர்களும் பெண்கள், ஊதிய வேலையைப் பாதியில் விட்டமையால் குறைந்த ஓய்வூதியம் பெறுபவர்களும் அவர்களே என்னும் மும்மடங்கு சுமையை எடுத்துக்காட்டிய அவ்வியக்கம் இல்லாதிருந்தால், இக்காப்பீடு பின்னாளில் பெற்ற வடிவத்தைப் பெற்றிருக்காது என்றே கருத வேண்டும்.

அரசும் தன் வழியில் நகர்ந்தது. 1989 இல் 3 விழுக்காட்டு நுகர்வு வரியை விதித்த அரசு, அதே ஆண்டின் இறுதியில் 'பொன் திட்டம்' என்னும் பத்தாண்டுத் திட்டத்தை அறிவித்து, வீடுகளுக்குச் சென்று உதவும் பணியாளர்களை ஒரு லட்சமாக உயர்த்த இலக்கு வகுத்தது. 1994 இல் அந்த இலக்கு 1.7 லட்சமாயிற்று. இந்த வரிசைமுறையே ஜப்பானின் திட்டமிடலில் மிகவும் போற்றத்தக்கது. உரிமை நடைமுறைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அவ்வுரிமையைக் கேட்டு மக்கள் வரும்போது கொடுப்பதற்கான ஆட்களையும் நிலையங்களையும் உருவாக்கத் தொடங்கினர். செலவுக்கு வழி காண 1994 பிப்ரவரியில் பிரதமர் மொரிஹிரோ ஹொசோகாவா 7 விழுக்காட்டு நலவரி ஒன்றை முன்வைத்து, எதிர்ப்பு கண்டு சில நாட்களிலேயே கைவிட்டார். பொதுவான வரி என்றால் மறுக்கும் மக்கள், தமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று கண்ணுக்குத் தெரியும் சந்தாவை ஏற்பர் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. ஜெர்மனி 1995 இல் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியிருந்ததும் துணையாக அமைய, 1997 டிசம்பரில் ஜப்பானின் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது.

நடைமுறைக்கு வர ஆறு மாதங்கள் கூட இல்லாத வேளையில், 1999 இலையுதிர்காலத்தில், ஆளுங்கட்சியின் கொள்கைக் குழுத் தலைவரான ஷிசுகா காமெய், பிள்ளைகள் பெற்றோரைப் பேணும் அழகிய வழக்கத்தை இக்காப்பீடு குலைத்துவிடும் என்று எதிர்ப்புக் குரல் எழுப்பினார். இதன் விளைவாக முதியோரிடம் சந்தா பெறுவது அரையாண்டு தள்ளிவைக்கப்பட்டு, அடுத்த ஓராண்டுக்குப் பாதியாகவும் குறைக்கப்பட்டது. அவர் சொன்ன கவலையை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. குடும்பப் பற்றைப் பெரிதாக மதிக்கும் எந்தச் சமூகத்திலும் அக்கவலை எழவே செய்யும். ஆனால், நடைமுறையில் நேர்ந்தது வேறு. முதியவரைக் குளிப்பாட்டவும் தூக்கி அமர்த்தவும் பயிற்சி பெற்ற ஒருவர் வந்து போகும் வீட்டில் மகனும் மருமகளும் உறவை முறித்துக்கொள்வதில்லை. மாறாக, அருகமர்ந்து பேசுவதற்கான ஓய்வும் பொறுமையும் அவர்களுக்கு மிஞ்சுகின்றன. தனித்து விடப்பட்டவர் தாங்கும் அளவுக்கு மேல் சுமக்கும்போதுதான் பாசம் வெறுப்பாக மாறுகிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு விவாதம், வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினருக்குப் பணமாகக் கொடுக்கலாமா என்பது. ஜெர்மனியில் பராமரிப்புச் சேவைக்குப் பதிலாகப் பணத்தைப் பெற்றுக்கொள்ள வழியுண்டு. அங்குப் பலரும் அதையே தேர்ந்துகொள்கின்றனர். ஜப்பானில் பெண்கள் இயக்கத்தினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். கையில் சிறு தொகையைக் கொடுத்துவிட்டால், மருமகளே தொடர்ந்து பார்க்கட்டும் என்று குடும்பமும் ஊரும் அமைதியடைந்துவிடும், சேவை நிலையங்களும் வளரா என்பது அவர்கள் வாதம். அவ்வாதமே வென்றது. சேவைகளைப் பயன்படுத்தாமல் கடும் நிலையில் உள்ளவரைக் கவனிக்கும் வறிய குடும்பங்களுக்கு, உள்ளாட்சிகள் காப்பீட்டுக்கு வெளியே ஆண்டுக்கு ஒரு லட்சம் யென் வரை வழங்கலாம் என்னும் சிறு விலக்கு மட்டும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இக்காப்பீட்டை நடத்தும் பொறுப்பு நடுவண் அரசிடம் இல்லை. நகராட்சிகளும் சிற்றூர் நிர்வாகங்களும் தம் எல்லைக்குள் காப்பீட்டாளராக விளங்குகின்றன. 40 வயதை எட்டிய ஒவ்வொருவரும் சந்தா செலுத்தியாக வேண்டும். தம் பெற்றோர் தளரத் தொடங்குவதும், மூப்பால் வரும் நோய்கள் தமக்கே தலைகாட்டத் தொடங்குவதும் ஏறத்தாழ அவ்வயதில்தான் என்பதால் அந்த எல்லை வைக்கப்பட்டது. 40 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் சந்தா மருத்துவக் காப்பீட்டோடு சேர்ந்து பிடிக்கப்படுகிறது. 65 வயதைக் கடந்தவர்களின் சந்தா அவர்கள் வருமானத்துக்கேற்பப் படிநிலையாக வகுக்கப்பட்டுப் பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. பயனாளி தரும் பங்கு நீங்கலான செலவில் பாதியைச் சந்தாவும், மறுபாதியை நடுவண், மாவட்ட, உள்ளாட்சி அரசுகளின் வரிப்பணமும் ஏற்கின்றன. முதியோரும் சந்தா கட்டுகின்றனர் என்பது கவனத்துக்குரியது. அவர்கள் தானம் பெறுபவராக அன்றி உரிமையோடு கேட்பவராக நகராட்சியின் வாசலில் நிற்க முடிந்ததற்கு அதுவே காரணம்.

உதவி வேண்டுவோர் விண்ணப்பித்ததும் அலுவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து, எழுந்து நிற்க முடிகிறதா, பிறந்த நாளைச் சொல்ல முடிகிறதா, இரவில் அலைகிறாரா என்பன போன்ற 74 கூறுகளைக் கேட்டும் பார்த்தும் பதிவு செய்கிறார். அதிலிருந்து ஒருவருக்கு நாள்தோறும் எவ்வளவு நேர உழைப்பு தேவைப்படும் என்பது கணினியால் மதிப்பிடப்படுகிறது. பின்னர் மருத்துவரின் குறிப்பையும் சேர்த்து வல்லுநர் குழு ஒன்று ஏழு நிலைகளுள் ஒன்றை முடிவு செய்கிறது. வருமானமோ, வீட்டில் மருமகள் இருக்கிறாரா என்பதோ இம்முடிவில் பார்க்கப்படுவதில்லை. மிகக் குறைந்த நிலைக்கு மாதம் சுமார் 50,000 யென் மதிப்புள்ள சேவைகளும், மிகக் கடும் நிலைக்குச் சுமார் 3,60,000 யென் மதிப்புள்ள சேவைகளும் என உச்ச வரம்புகள் உள்ளன. பயன்படுத்துவோர் அதில் பத்தில் ஒரு பங்கையும், வருமானம் மிகுந்தோர் பத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கையும் கையிலிருந்து தர வேண்டும். எந்தச் சேவையை எந்த நாளில் பெறுவது என்று குடும்பத்தோடு அமர்ந்து வாராந்தர அட்டவணை வகுத்துத் தருபவருக்குக் கேர் மேனேஜர் என்று பெயர். அவருடைய பணிக்கு மட்டும் கட்டணமே இல்லை. வீட்டுக்கு வந்து உதவும் பணியாளர், காலையில் வண்டியில் அழைத்துச் சென்று மாலையில் கொண்டுவிடும் பகல்நேர நிலையம், குடும்பத்தார் சில நாள் இளைப்பாறுவதற்கான குறுகியகாலத் தங்கல், வாடகைக் கட்டிலும் சக்கர நாற்காலியும், சுவரில் கைப்பிடி பொருத்துவதற்கான உதவித்தொகை எனச் சேவைகள் பல. படுத்த படுக்கையாய் உள்ளவரின் அறைக்கே தொட்டியை எடுத்து வந்து வெந்நீர் நிரப்பி, செவிலியர் உட்பட மூவர் சேர்ந்து குளிப்பாட்டிச் செல்லும் சேவை அவற்றுள் ஒன்று. வெந்நீரில் அமிழ்ந்து குளிப்பதை வாழ்வின் பெரிய இன்பமாகக் கருதும் மக்களுக்கு, அந்த இன்பம் கடைசிவரை கிடைக்க வேண்டும் என்று ஒரு சட்டம் நினைத்திருப்பது அதன் பண்பைக் காட்டுகிறது.

பணமும் பணியாளும் கிடைத்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் தெளிவான மனநிலை வேண்டும். மறதிநோய் கண்டவருக்கு அது இருப்பதில்லை. இதை முன்னுணர்ந்து, வயதுவந்தோருக்கான காப்பாளர் சட்டமும் காப்பீடு தொடங்கிய அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தெளிவோடு இருக்கும்போதே, பின்னாளில் தமக்காக முடிவெடுக்க வேண்டியவரை ஒப்பந்தத்தின் மூலம் தாமே அமர்த்திக்கொள்ள அச்சட்டம் இடம் தருகிறது. குடும்பத்தின் பொறுப்புக்கு எல்லை எது என்பதையோ நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது. 2007 டிசம்பரில் அய்ச்சி மாவட்டத்தின் ஓபு நகரில், மறதிநோய் கண்ட 91 வயது முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து தனியே வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்தார். ரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடு கோரி ரயில் நிறுவனம் வழக்குத் தொடுக்க, கீழ்நீதிமன்றம் மனைவியையும் மகனையும் 72 லட்சம் யென் செலுத்தப் பணித்தது. மனைவியோ விபத்தின்போதே 85 வயதைத் தொட்டு, தாமும் பராமரிப்பு தேவைப்படும் நிலையில் இருந்தவர். சற்றே கண்ணயர்ந்த வேளையில் நேர்ந்ததற்குக் குடும்பம் பொறுப்பாகுமெனில், முதியவரைப் பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று நாடெங்கும் அச்சம் பரவியது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவருமே பொறுப்பல்லர் என்று தீர்ப்பளித்தது. பின்னர் கோபே நகரம், குடிமக்கள் வரியில் ஆண்டுக்கு 400 யென் கூடுதலாகப் பெற்று, மறதிநோயைக் கண்டறியும் பரிசோதனைக்கும் இத்தகைய விபத்துகளால் வரும் இழப்பீட்டுக்கும் நகரமே வழிசெய்யும் ஏற்பாட்டை உருவாக்கியது.

இக்காப்பீட்டின் வலிமையும் வலியும் ஒரே விதியில் அடங்கியுள்ளன. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் ஊரில் எத்தனை பேருக்கு எத்தகைய பராமரிப்பு வேண்டியிருக்கும் என்று கணித்து, அதற்கேற்பத் தன் சந்தாவை மாற்றியமைக்க வேண்டும். 2000 இல் 65 வயதைக் கடந்தவர் ஒருவரின் மாதச் சந்தா தேசிய சராசரியாக 2,911 யென். 2024 முதல் 2026 வரையிலான காலத்துக்கு அது 6,225 யென். தனித்து வாழும் வறிய முதியோர் மிகுந்த ஒசாகா நகரில் அது 9,249 யென் வரை சென்றுள்ளது. மொத்தச் செலவு முதலாண்டில் 3.6 லட்சம் கோடி யென்னாக இருந்து இப்போது 11 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. செலவைக் கட்டுக்குள் வைக்க 2005 இல் இல்லங்களில் தங்குவோரிடம் அறைக்கும் உணவுக்கும் தனிக்கட்டணம் விதிக்கப்பட்டது. 2015 இல் பொது முதியோர் இல்லங்களில் புதிதாகச் சேருவது கடுமையான மூன்று நிலைகளில் உள்ளோருக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான கணக்கின்படி அவ்வில்லங்களில் இடத்துக்காகக் காத்திருந்தோர் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். கசப்பான முடிவுகள் இவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து காட்டி மக்களிடம் வாதாடி எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதால், சுமை மறைவாகச் சேர்ந்து ஒருநாள் திட்டமே சரிந்துவிழும் நிலை அங்கு நேரவில்லை.

பணத்தை இவ்வாறு கணக்கிட்டுச் சேர்த்துவிட முடிந்தது. கைகளைச் சேர்க்க முடியவில்லை. காப்பீடு தொடங்கியபோது ஐந்தரை லட்சமாக இருந்த பராமரிப்புப் பணியாளர்களின் எண்ணிக்கை 2022 இல் 21.5 லட்சத்தை எட்டியது உண்மையில் பெருஞ்சாதனை. ஆனால், 2023 இல் அது முதன்முறையாகக் குறைந்தது. 2040 இல் 27 லட்சம் பேர் தேவைப்படுவர் என்று அரசே மதிப்பிட்டுள்ள நிலையில், அப்போது வேலைவயதில் இருப்போரின் மொத்தத் தொகையே இன்றைவிடச் சுருங்கியிருக்கும். முதுகு வலிக்கத் தூக்கி, இரவில் விழித்திருந்து, பிறருடைய மலமும் சிறுநீரும் அகற்றும் இப்பணிக்கு, ஏனைய தொழில்களின் சராசரியைவிடக் குறைந்த ஊதியமே அங்கும் கிடைக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் உரிய கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால் ஊதியத்தை உயர்த்தினால் சந்தா உயரும், சந்தாவை அடக்கினால் ஊதியம் அடங்கும். இந்த முரணில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் பணியாளரே விட்டுக்கொடுத்து வந்துள்ளனர். 2024 இல் வீட்டுக்குச் சென்று உதவும் சேவைக்கான அடிப்படைக் கட்டணம் குறைக்கப்பட்ட ஆண்டிலேயே, பராமரிப்பு நிறுவனங்கள் நொடித்துப்போவது முன்னெப்போதும் இல்லாத அளவை எட்டியது. பெண்களின் ஊதியமற்ற உழைப்பிலிருந்து சமூகத்தை மீட்பதற்காகப் பிறந்த திட்டம், பெரும்பாலும் பெண்களேயான பணியாளரின் குறைந்த ஊதியத்தின் மேல் நிற்கிறது என்பது அதன் தீராத குறை. 2008 இல் இந்தோனேசியாவுடன் தொடங்கி, பின்னர் பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று விரிந்து, 2019 ஆம் ஆண்டுத் திறன் விசா மூலம் பல நாட்டினரையும் அழைத்து வரும் முயற்சி ஓரளவு துணை செய்கிறது. அந்த விசாவுக்கான ஒப்பந்தத்தில் 2021 ஜனவரியில் இந்தியாவும் கையெழுத்திட்டது. ஆட்களை அனுப்பும் நாடுகளும் மூப்படைந்து வருவதால் இவ்வழியும் நெடுநாள் நீளாது. உறவினரைக் கவனிக்க வேலையை விட்டவர்கள் 2022 வரையிலான ஓராண்டில் மட்டும் ஜப்பானில் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது, காப்பீடு வந்த பின்னும் குடும்பத்தின் சுமை முழுதும் இறங்கவில்லை என்பதைச் சொல்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது தொலைநாட்டுச் செய்தி அன்று. 2011 கணக்கெடுப்பில் இம்மாநில மக்களில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர்; 2031 இல் அது 18.2 விழுக்காடாகும் என்பது நடுவண் அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. ஜப்பான் செல்வந்த நாடான பின் முதுமையைச் சந்தித்தது. தமிழ்நாடோ, உழைப்பாளரில் பெரும்பாலோர் ஓய்வூதியம் இல்லாத வேலைகளில் இருக்கும்போதே அதைச் சந்திக்கிறது. இம்மாநிலம் வெறுங்கையோடும் இல்லை. 1962 இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக வழங்கப்படுகிறது. அதில் 80 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கு நடுவண் அரசின் பங்கு இன்றும் 200 ரூபாயே. பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர 2007 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 70 வயதைக் கடந்தோர் அனைவருக்கும் மருத்துவமனைச் செலவுக்கான காப்பீடு 2024 இல் வந்தது; அதே ஆண்டில் சென்னை கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. இவை யாவும் பணத்தையும் மருத்துவத்தையும் பற்றியவை. வீட்டில் விழுந்து கிடக்கும் தாயை நாளைக் காலை யார் தூக்கி உட்கார வைப்பது என்ற கேள்விக்கு அரசின் விடையாக இன்று இருப்பது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவத்துக்கும் நோய்த்தணிப்புக்கும் வீடு தேடி வருவோர் மட்டுமே. மற்றபடி, நகரங்களில் முகமைகள் வழியே வரும் 'ஹோம் நர்ஸ்' ஒருவரின் சம்பளத்தைத் தாங்க முடிந்த குடும்பம் தாங்குகிறது; முடியாத குடும்பத்தில் ஒரு மகளோ மருமகளோ வேலையை விடுகிறார்.

ஜப்பானைப் போல நாளையே சந்தா வசூலிப்பது இங்கு இயலாது. மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாதவரிடம் எதிலிருந்து பிடிப்பது? ஆனால், அந்நாடு காப்பீட்டுக்குப் பத்தாண்டு முன்பே செய்த வேலையை இங்கு இப்போதே தொடங்க முடியும். வீடு தேடிச் செல்லும் பராமரிப்புப் பணியாளருக்கு அரசு சான்றளிக்கும் பயிற்சியும், கண்ணியமான குறைந்தபட்ச ஊதியமும் வேண்டும். ஒவ்வொரு ஊராட்சியும் நகராட்சியும் தன் எல்லைக்குள் பிறர் துணை தேவைப்படும் முதியோர் எத்தனை பேர் என்ற கணக்கை எடுத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மாநில நிதிநிலை அறிக்கையில் உதவித்தொகை, மருத்துவம் ஆகியவற்றுக்கு அப்பால் பராமரிப்புக்கு என்று தனித் தலைப்பு ஒன்று இடம்பெற வேண்டும். 2031 இல் அறுபதைத் தொடப்போகும் தமிழர்கள் இன்று ஐம்பதுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். தம் ஊர் மன்றத்திலும் சட்டமன்றத்திலும் இக்கோரிக்கையை அவர்களே இப்போது எழுப்ப வேண்டும்.